பாட்டு ஒருவருக்கு, முகம் ஒருவருக்கு

புகழ்பெற்ற இசை நாடகம் ஒன்றைத் தொலைக்காட்சியில் நேரலையாக நடத்தத் துணிபவர்களுக்கு முதல் தலைவலி, வேடத்துக்கு ஆள் தேடுவதுதான். 2013 டிசம்பரில் அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சி ‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக்’ நாடகத்தை அப்படி ஒளிபரப்பியபோது, கன்ட்ரி இசைப் பாடகியான கேரி அண்டர்வுட்டுக்கு மரியா வேடம் கொடுத்தது. ஒரு கோடியே 80 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பார்த்தார்கள். பாட்டு தேறியது, நடிப்பு தேறவில்லை என்று விமர்சகர்கள் பலர் எழுதினார்கள். இந்த வழக்கை விசாரிக்க நியூயார்க்கை விடக் கோவைதான் பொருத்தமான இடம் என்பேன். பாடுகிற தொண்டையும் பார்க்கிற முகமும் ஒரே ஆளுடையதாக இருக்க வேண்டுமா என்ற கேள்வி, கொடுமுடியில் பிறந்த ஒரு பாடகியின் வாழ்க்கையிலும் சிங்காநல்லூரில் இருந்த ஒரு ஸ்டூடியோவிலும் முழுதாக அலசப்பட்டுவிட்டது. அங்கே கிடைத்த விடையைச் சினிமா எடுத்துக்கொண்டது. நேரலைக்கு அந்த விடை உதவாது. சினிமாவுக்கு முந்தைய நாடக மேடையின் அளவுகோலுக்கே நேரலை திரும்ப வேண்டியிருக்கிறது.

அந்த அளவுகோல் கறாரானது. ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட் (கதாநாயகன்) ஓர் ஊரிலிருந்தும் ஸ்திரீபார்ட் (பெண் வேடக்காரர்) வேறோர் ஊரிலிருந்தும் வருவார்கள். ஒத்திகை கிடையாது. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் பாடம் இருவருக்கும் மனப்பாடம், ஆர்மோனியக்காரருக்கும் மனப்பாடம். ஒலிபெருக்கி வராத காலத்தில் கடைசி வரிசைவரை எட்டாத குரலுக்கு மேடையில் இடமில்லை. விடியும்வரை தாங்காத குரலுக்கும் இல்லை. சிறுவர்கள் நடித்த பாய்ஸ் கம்பெனிகளில் மகரக்கட்டு வந்து குரல் உடைந்த பையன் அதுவரை போட்ட பெரிய வேடத்தை இழக்க வேண்டியதுதான், முகம் எவ்வளவு லட்சணமாக இருந்தாலும். குரலில் இவ்வளவு கெடுபிடி காட்டிய மேடை உருவத்தில் தாராளமாக இருந்தது. சிறுவர்கள் ஸ்திரீபார்ட் கட்டினார்கள், பெண்கள் ஆண் வேடம் போட்டார்கள். யாரும் பொருத்தம் பார்க்கவில்லை. வேடத்தைப் பாட்டு நிறுவிவிடும் என்று ரசிகரும் நடிகரும் ஒத்துக்கொண்டிருந்தார்கள்.

இந்த ஒப்பந்தத்தைக் கேமராவின் முன் கொண்டுபோனவர் அந்தக் கொடுமுடிப் பாடகி கே.பி.சுந்தராம்பாள். 1933 டிசம்பரில் கணவர் எஸ்.ஜி.கிட்டப்பா இறந்த பிறகு, எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று அவர் உறுதி பூண்டார். ஜோடி தேவைப்படாத வேடமாகக் கிடைத்தது நந்தனார். 1935இல் வந்த ‘பக்த நந்தனார்’ படத்தில் அவர் அந்த ஆண் வேடத்தையே ஏற்றார். ஊதியம் ஒரு லட்சம் ரூபாய் என்பது அன்று நாடே பேசிய செய்தி. பாடகர் மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர் நந்தனாரின் ஆண்டையான வேதியரானார். ஆக, இரு முக்கியப் பாத்திரங்களுக்கும் குரலை வைத்தே ஆள் எடுத்தார்கள். படம் எடுபடவில்லை. அதில் நன்றாக நடித்தவை பனைமரமும் எருமைக்கடாவும் வெள்ளாட்டுக்குட்டியும்தான் என்கிற ரீதியில் கல்கி ஆனந்த விகடனில் கிண்டலடித்தார். பாடகரை நடிகராக்கினால் இதுதான் கதி என்பதற்கு இந்தப் படத்தைச் சான்று காட்டுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் 1953இல் ஜெமினியின் ‘ஔவையார்’ வந்தபோது அதே சுந்தராம்பாளைத் தமிழ்நாடு கொண்டாடியது. பாடகரை எடுத்ததுதான் பிழை என்றால் ஔவையாரும் விழுந்திருக்க வேண்டும். மேடைக்கும் ரசிகருக்கும் நடுவில் இருந்த ஒப்பந்தம், முகத்துக்கு அருகில் வந்து நிற்கும் கேமராவிடம் செல்லாது என்பதை 1935இல் எடுத்தவர்கள் உணரவில்லை என்பதே என் கணிப்பு.

சினிமா வேறு வழி கண்டுபிடித்தது. 1938இல் ஏ.வி.மெய்யப்பச் செட்டியாரின் ‘நந்தகுமார்’ படத்தில் லலிதா வெங்கட்ராமனின் குரலை வேறொரு நடிகைக்குப் பொருத்தினார்கள். கோவையில் அப்போதும் பழைய முறையே கோலோச்சியது. பட்சிராஜா நிறுவனத்தின் ‘சிவகவி’யில் (1943) எம்.கே.தியாகராஜ பாகவதரே பாடி நடித்தார், ‘ஜகதலப்பிரதாப’னில் (1944) பி.யு.சின்னப்பா. அடுத்த சில ஆண்டுகளில் நிலைமை மாறியது. ஜூபிடர் பிக்சர்ஸ் சிங்காநல்லூரின் சென்ட்ரல் ஸ்டூடியோவில் ‘ராஜகுமாரி’யைத் தொடங்கியபோது முதலில் நினைத்தது சின்னப்பாவையும் டி.ஆர்.ராஜகுமாரியையும். இயக்குநர் ஏ.எஸ்.ஏ.சாமியோ எம்.ஜி.ஆரையும் கே.மாலதியையும் தேர்ந்தெடுத்தார். 1947இல் படம் வெளியானது; எம்.ஜி.ஆருக்காகப் பாடியவர் எம்.எம்.மாரியப்பா. சின்னப்பா, எம்.ஜி.ஆர். இருவருமே மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்தவர்கள்தான். ஒருவர் பாடினார், இன்னொருவர் பாடத் தேவையில்லாமல் கதாநாயகனானார். ‘கிருஷ்ண விஜய’த்தில் (1950) இது இன்னும் தெளிவாகிறது. திரையில் நரசிம்ம பாரதி, குரல் புதியவரான டி.எம்.சௌந்தரராஜனுடையது, பாடும் பாணியோ பாகவதருடையது. இசையமைப்பாளர் எஸ்.எம்.சுப்பையா நாயுடுவின் கைவண்ணம் அது. ஒரு பாத்திரத்துக்கு மூன்று பேர்!

இதைக் குறையாகச் சொல்லவில்லை. பிரித்ததால்தான் ‘மலைக்கள்ளன்’ (1954) போன்ற படங்கள் சாத்தியமாயின. ஆனால் அந்த வசதி, பதிவு செய்து ஒட்டுகிற கலைக்கு மட்டும் உரியது. ஹாலிவுட் கதையும் அதுதான். ‘மை ஃபேர் லேடி’யை மேடையில் பாடி நிலைநிறுத்திய ஜூலி ஆண்ட்ரூஸ், 1957இல் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் ‘சிண்ட்ரெல்லா’வை நேரலையாகப் பாடினார், பார்த்தவர்கள் பத்துக் கோடிக்கு மேல். அவரையே தள்ளிவிட்டு 1964இல் திரைப்படத்துக்கு ஆட்ரி ஹெப்பர்னை எடுத்தார்கள், ஹெப்பர்னுக்காகப் பெரும்பாலான பாடல்களை மார்னி நிக்சன் பாடினார். நேரலையில் திரைக்குப் பின்னால் ஒரு நிக்சனோ மாரியப்பாவோ நிற்க முடியாது. நின்றால் அது நேரலை அன்று.

அப்படியானால் அண்டர்வுட் விஷயம் என்ன, குரல் இருந்தும் தேறவில்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. குரல் நுழைவுச்சீட்டு மட்டுமே. ஸ்பெஷல் நாடகம் கேட்டதும் வெறும் சங்கீதத்தை அன்று. வசனத்திலிருந்து பாட்டுக்கு நழுவும் அந்தக் கணத்தைத் தடுமாறாமல் கடக்கும் பழக்கத்தை. அதே ஒளிபரப்பில் மடத்துத் தலைவியாக வந்த ஆட்ரா மெக்டொனால்ட் மேடையிலேயே பழுத்தவர். அவரைக் குறை சொன்னவர் அரிது. உருவப் பொருத்தம் நேரலைக்கும் கட்டாயம் என்பவர்களுக்கு 1955இன் ‘பீட்டர் பான்’ பதிலாக இருக்கிறது. சிறுவன் வேடத்தில் நாற்பதைத் தாண்டிய மேரி மார்ட்டின் பாடினார், கோடிக்கணக்கானோர் ஏற்றார்கள். அது நேரலை என்று தெரிந்ததும் பார்வையாளர் மேடையின் ஒப்பந்தத்துக்கு ஓரளவு திரும்பிவிடுகிறார்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. குரல் முதலில் என்ற வாதம், ஒடுக்கப்பட்டவரின் கதையை மற்றவர்களே பாடிக்கொண்டிருக்கச் சாக்காகாதா? நந்தனார் விஷயத்தில் இதைத் தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் பொருந்தாத தேர்வுக்குப் பெரிய வசதி செய்து கொடுத்தது குரலைப் பிரிக்கும் முறையே. ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’ (1961) படத்தில் போர்ட்டோ ரிகோப் பெண்ணாக நடாலி வுட் நடித்தார், அவருக்கும் பாடியவர் நிக்சன்தான். பாடியே ஆக வேண்டுமென்றால் தேடல் விரியும். 2015இல் ‘தி விஸ்’ நேரலைக்குப் பொது அழைப்பு விடுத்ததில் கிடைத்தவர் ஷனீஸ் வில்லியம்ஸ் என்ற கறுப்பினப் புதுமுகம். கோவையில் யாராவது ‘வள்ளி திருமண’த்தை நேரலையாக்க நினைத்தால் சீரியல் முகங்களைத் தேடுமுன், மதுரை, புதுக்கோட்டை நாடக சங்கங்களையும் சேலம், தருமபுரிப் பக்கத்துக் கூத்துக் குழுக்களையும் கேட்பதே முறை.

அங்கே இன்னொரு லாபமும் உண்டு. 2019இல் ஃபாக்ஸ் தொலைக்காட்சி ‘ரெண்ட்’ நாடகத்தை நேரலையாக அறிவித்தது. ஒத்திகையில் முக்கிய நடிகர் பிரென்னின் ஹன்ட் காலை உடைத்துக்கொள்ள, மாற்று நடிகர் தயாராக இல்லாததால் ஒத்திகைப் பதிவையே பெரும்பகுதி ஒளிபரப்ப வேண்டிவந்தது. பாடம் எல்லோருக்கும் மனப்பாடமாக இருக்கும் ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட் வராவிட்டால் அடுத்த ஊர் ராஜபார்ட்டுக்கு ஆள் அனுப்புவார்கள்.