ஒரே அலுவலகம், இரண்டு ஒழுங்குகள்

பொதுப் பணத்தைக் கையாளும் ஓர் அலுவலகத்தை மதிப்பிட இரண்டு கேள்விகள் போதும். வரி முறையாக வசூலாகிறதா? வசூலான பணம் தேவைப்படும் நாளில் முழுதாக இருக்கிறதா? அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் இந்த இரண்டுக்கும் பெரும்பாலும் ஒருவரே பதில் சொல்ல வேண்டும். அங்குள்ள, மாவட்டம் போன்ற 58 கவுண்டிகளில் மிகப் பலவற்றில் கருவூல அதிகாரியே வரி வசூல் அதிகாரி. அவற்றுள் ஒன்றான ஆரஞ்ச் கவுண்டி 1994 டிசம்பர் 6 அன்று திவால் மனு தாக்கல் செய்தது. அதுவரை எந்த அமெரிக்க உள்ளாட்சி அமைப்பும் அவ்வளவு பெரிய தொகையில் திவாலானதில்லை. அதைப் பற்றிய எழுத்துகளில் பெரும்பங்கு ராபர்ட் சிட்ரன் என்ற கருவூல அதிகாரியைச் சுற்றியே நிற்கிறது. ஆனால் எடைபோட வேண்டியது அந்த அலுவலகத்தின் முறைமையை.

முதலில் வசூல். இங்கே அதிகாரம் மூன்றாகப் பிரிந்திருக்கிறது. சொத்தின் மதிப்பை நிர்ணயிப்பவர் மதிப்பீட்டாளர். அந்த மதிப்பின் மேல் வரியைக் கணக்கிடுபவரும், வசூலான தொகையில் யாருக்கு எவ்வளவு என்று பங்கிடுபவரும் தணிக்கை அதிகாரி. பில் அனுப்பிப் பணம் வாங்குபவர் வரி வசூல் அதிகாரி. மதிப்பிடுபவர் பணத்தைத் தொடுவதில்லை. பணத்தைத் தொடுபவர் மதிப்பை மாற்ற முடியாது. ஒருவர் தவறினால் அடுத்தவரின் கணக்கு இடிக்கும். நேர்மையைத் தனிமனித குணத்திடம் விட்டுவிடாமல் அமைப்புக்குள்ளேயே வைத்த ஏற்பாடு இது. இந்த அலுவலகத்தின் தலையாய சாதனை இதுதான்.

அந்த ஒழுங்கு வரி பில்லிலேயே தெரியும். நிலத்துக்கு ஒரு மதிப்பு, கட்டடத்துக்கு ஒரு மதிப்பு. வீட்டில் உரிமையாளரே குடியிருந்தால் மதிப்பில் 7,000 டாலர் கழிவு. அதன் கீழே ஒரு சதவீத அடிப்படை வரி. அடுத்து, பள்ளிக் கட்டடங்கள் முதலியவற்றுக்காக வாக்காளர்கள் ஒப்புதல் தந்த கடன்களுக்கான தனித்தனி வரிகள். கடைசியில் சிறப்புக் கட்டணங்கள். ஆண்டு வரியை இரண்டு தவணையாகக் கட்டலாம். முதல் தவணைக்குக் கடைசி நாள் டிசம்பர் 10, இரண்டாவதற்கு ஏப்ரல் 10. தவறினால் பத்து சதவீத அபராதம். தன் பணம் எந்தச் செலவுக்குப் போகிறது என்பதை ஒரு குடிமகன் ஒரே தாளில் வரிவரியாகப் படிக்க முடிகிறது. இந்தத் தெளிவை எல்லா இடங்களிலும் எதிர்பார்த்துவிட முடியாது.

குறைகளும் உண்டு. 1978இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய 13ஆம் முன்மொழிவு, அடிப்படை வரியை ஒரு சதவீதத்தில் நிறுத்தியது. மதிப்பு ஆண்டுக்கு இரண்டு சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது என்றும், சொத்து கைமாறும்போதே சந்தை மதிப்புக்கு வரும் என்றும் விதித்தது. அடுத்த ஆண்டு எவ்வளவு கட்ட வேண்டும் என்று உரிமையாளருக்கு முன்கூட்டியே தெரிவது இதன் நிறை. ஒரே தெருவில் ஒரே அளவு வீடு இரண்டு இருந்தால், நேற்று வாங்கியவர் முப்பது ஆண்டுக்கு முன் வாங்கியவரைப் போலப் பல மடங்கு வரி கட்ட நேர்வது குறை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1992இல் இதை அனுமதித்தது. சட்டப்படி செல்லும் என்பதால் சமத்துவம் வந்துவிடாது. ஆனால் இது சட்டத்தின் குறை. வசூல் அலுவலகத்தின் கணக்கில் எழுதுவது முறையாகாது.

வரி கட்டாதவரை நடத்தும் விதமே வசூல் முறைக்குக் கடைசிச் சோதனை. கலிஃபோர்னியாவில் குடியிருப்பு வீடு பொதுவாக ஐந்து ஆண்டு நிலுவைக்குப் பிறகே ஏலத்துக்கு வரும். பாக்கி போக மிஞ்சும் தொகையை உரிமையாளர் கேட்டுப் பெறலாம். மினசோட்டாவின் ஹெனப்பின் கவுண்டி வேறு வழியில் போனது. 94 வயது மூதாட்டி ஒருவரின் வீட்டுக்கு அபராதம், வட்டி உட்பட நிலுவை சுமார் 15,000 டாலர். கவுண்டி அதை 40,000 டாலருக்கு விற்று, எஞ்சிய 25,000 டாலரையும் தானே வைத்துக்கொண்டது. அது செல்லாது என்று 2023இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. பாக்கியைத் தாண்டி ஒரு டாலர் எடுத்தாலும் அது வரி வசூல் ஆகாது. இந்த அளவுகோலில் கலிஃபோர்னிய முறை தேறுகிறது.

இனி இரண்டாவது கேள்வி. வரி ஆண்டுக்கு இருமுறை வெள்ளமாக வருகிறது. சம்பளமும் செலவும் மாதாமாதம் போகின்றன. இடைப்பட்ட காலத்தில் பணம் சும்மா கிடக்கக் கூடாது என்பதற்காகக் கவுண்டி, பள்ளி மாவட்டங்கள், நகரங்கள் ஆகியவற்றின் பணத்தை ஒரே நிதியாகத் திரட்டிக் கருவூல அதிகாரி முதலீடு செய்கிறார். சிறிய பள்ளி மாவட்டம் தனியாகப் பெற முடியாத வட்டியை இப்படிப் பெறலாம். கருத்தளவில் இது குறையற்ற ஏற்பாடு.

சிட்ரனின் கீழ் நடந்தது என்ன? இருநூறுக்குச் சற்றுக் குறைவான அமைப்புகள் போட்ட சுமார் 750 கோடி டாலரை வைத்து 2,000 கோடி டாலருக்கு மேல் கடன்பத்திரங்கள் வாங்கப்பட்டிருந்தன. கையிலுள்ள பத்திரத்தை ஈடு வைத்துக் குறுகிய காலக் கடன் வாங்குவது, அந்தக் கடனில் வேறொரு பத்திரம் வாங்குவது, அதையும் ஈடு வைப்பது என்பதே முறை. வாங்கியவற்றில் கணிசமானவை, சந்தை வட்டி ஏறினால் தம் வட்டி இறங்கும் பத்திரங்கள். ஓர் எடுத்துக்காட்டு: பத்து சதவீதத்திலிருந்து சந்தை வட்டியைக் கழித்து மீதியைத் தரும் பத்திரம் என்று வைத்துக்கொள்வோம். சந்தை வட்டி மூன்று என்றால் வரவு ஏழு, கடன் செலவு மூன்று, லாபம் நான்கு. சந்தை வட்டி ஆறு என்றால் வரவு நான்கு, செலவு ஆறு; நஷ்டம் இரண்டு. வட்டி ஏறினால் வரவும் செலவும் ஒருசேர எதிராகத் திரும்பும். முழு நிதியும் ஒரே கணிப்பின் மேல் நின்றது.

1994 பிப்ரவரி முதல் நவம்பர் வரை அமெரிக்க மத்திய வங்கி ஆறு முறை வட்டியை ஏற்றியது. மூன்று சதவீதமாக இருந்தது ஐந்தரை ஆனது. நிதியின் இழப்பு 160 கோடி டாலரைத் தாண்டியது.

சிட்ரனின் முறைக்குத் தற்காப்பு வாதங்கள் இரண்டு. முதலாவது, பல ஆண்டுகளாக அந்த நிதி மாநில அரசின் முதலீட்டு நிதியைவிடக் கூடுதல் வட்டி ஈட்டியது. அதனால் பள்ளிகளும் நகரங்களும் பயனடைந்தன. உண்மைதான். ஆனால் கூடுதல் வட்டியைக் கண்டவர்கள் அதற்காகச் சுமந்த அபாயத்தைக் காணவில்லை. பத்திரங்கள் அன்றைய சந்தை விலையில் அல்ல, வாங்கிய விலையில் கணக்கு காட்டப்பட்டன. அபாயத்தைக் காட்டாத கணக்கைத் திறமைக்குச் சான்றாக ஏற்க இயலாது.

இரண்டாவது வாதம் வலுவானது. நோபல் பரிசு பெற்ற பொருளியலாளர் மெர்ட்டன் மில்லர், கவுண்டி உண்மையில் நொடித்துவிடவில்லை என்றும், பத்திரங்களை அவசரப்பட்டு விற்காமல் பொறுத்திருந்தால் 1995இல் வட்டி இறங்கியபோது இழப்பு மீண்டிருக்கும் என்றும் டேவிட் ராஸ் என்பவருடன் சேர்ந்து வாதிட்டார். ஆரஞ்ச் கவுண்டியிலேயே உள்ள பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ஃபிலிப் ஜோரியன் இதை மறுத்தார். திவால் மனு அவசியமா என்ற அளவில் மில்லரின் கேள்வி நியாயமானது. சிட்ரனின் முறையை அது காப்பாற்றாது. முதிர்வு வரை பொறுத்திருக்கும் உரிமை, சொந்தப் பணம் போட்டவருக்கே முழுமையாக உண்டு. குறுகிய காலக் கடனில் நிற்பவரின் பொறுமை, கடன் கொடுத்தவர் கையில் இருக்கிறது. பணம் போட்ட பள்ளிகளுக்கும் ஆசிரியர் சம்பளம் அந்த மாதமே வேண்டும். பின்னாளில் வட்டி இறங்கியது நல்வாய்ப்பு. நல்வாய்ப்பை முறைமையின் கணக்கில் வரவு வைக்க முடியாது.

பொறுப்பு ஒருவருடையது மட்டுமல்ல. 1994 தேர்தலில் சிட்ரனை எதிர்த்துப் போட்டியிட்ட ஜான் மூர்லாக் இந்த அபாயத்தைப் பகிரங்கமாகவே எச்சரித்தார், தோற்றார். வரி உயர்த்த வழியற்ற, கவுண்டியை ஆளும் மேற்பார்வை வாரியத்துக்கு அந்த வட்டி வருமானம் தேவைப்பட்டது, கேள்வி எழவில்லை. சில பள்ளி மாவட்டங்கள் கடன் வாங்கியே அந்த நிதியில் பணம் போட்டன. பத்திரங்களை விற்ற மெரில் லிஞ்ச் நிறுவனம் 1998இல் கவுண்டிக்கு 40 கோடி டாலர் தரச் சம்மதித்தது. சிட்ரன் பொதுப் பணத்தைத் தன் பைக்குள் போடவில்லை. ஆனால் மற்றவர்களுக்குச் சேர வேண்டிய வட்டியைக் கவுண்டியின் கணக்குக்கு மாற்றியது உட்பட ஆறு குற்றங்களை ஒப்புக்கொண்டார். சொந்த ஆதாயம் இல்லை என்பது தண்டனையைக் குறைக்க உதவலாம். நிதியாள்கையின் மதிப்பெண்ணைக் கூட்டாது.

1995இல் மாநிலம் சட்டத்தைத் திருத்தியது. பாதுகாப்பு முதலில், தேவைக்குக் கிடைப்பது அடுத்து, வட்டி கடைசியில் என்ற வரிசை கருவூல அதிகாரியின் கடமையாகச் சட்டத்தில் எழுதப்பட்டது. வட்டி ஏறினால் வரவு இறங்கும் பத்திரங்கள் தடை செய்யப்பட்டன. ஈட்டுக் கடனுக்கு நிதியில் இருபது சதவீதம் என்று வரம்பு வந்தது. கவுண்டிதோறும் கருவூல மேற்பார்வைக் குழு கட்டாயமானது. இவை நோயின் வேரைத் தொட்ட திருத்தங்கள். ஆனால் மேற்பார்வைக் குழு என்பது பின்னர் கவுண்டியின் விருப்பத்துக்கு விடப்பட்டது. கருவியைத் தடை செய்தது நீடிக்கிறது. கண்காணிப்பைக் கட்டாயமாக்கியது நீடிக்கவில்லை. 1994இன் கருவிகள் இன்னொரு வடிவில் வரலாம். அவற்றை அடையாளம் காணக் கண்காணிப்பவர் வேண்டும்.

ஆகவே தீர்ப்பு இது. வசூலில் இந்த அலுவலகம் முதல்தரம். அங்கே யாரும் தனியாகத் தவறு செய்ய முடியாதபடி வேலை பிரிந்திருக்கிறது. முதலீட்டில் 1994 வரை அது தோல்வி. ஒரு டாலர் வரியை வாங்க மூன்று அதிகாரிகள் தேவைப்பட்ட அதே கட்டடத்தில், 2,000 கோடியை முதலீடு செய்ய ஒருவரின் கணிப்பு போதுமானதாக இருந்தது. இந்த முரண்பாடுதான் கவுண்டியைக் கவிழ்த்தது. வட்டி ஏற்றம் அதை வெளிக்கொணர்ந்தது. இன்றைய நிலைக்கு விதிகளில் தேர்ச்சி, கண்காணிப்பில் பாதி மதிப்பெண். எந்தக் கவுண்டியின் கருவூலம் கூடுதல் வட்டி ஈட்டியது என்பது இரண்டாம் கேள்வி. முதலீடுகளின் இன்றைய சந்தை விலையைக் கருவூல அதிகாரியைச் சாராத ஒருவர் சரிபார்க்கிறாரா என்பதே முதல் கேள்வி. அதற்கு ஆம் என்று சொல்ல முடியாத அலுவலகம், எவ்வளவு ஈட்டினாலும், தேறவில்லை என்றே எழுத வேண்டும்.