வர்ண ஓலைப்பாயும் வீட்டின் அறைகளும்

கம்பளம் என்றதும் பாரசீகத்தையும் காஷ்மீரத்தையும் நினைத்துக்கொள்வது உலக வழக்கம். அந்நினைவுக்கு நியாயமும் உண்டு. சைபீரியாவின் அல்தாய் மலைப் பிரதேசத்திலே பாசிரிக் என்னும் இடத்தில், பனிக்கட்டி உறைந்த புதைகுழி ஒன்றிலிருந்து 1949ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட கம்பளமானது, ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன்னே செய்யப்பட்டதாயிருந்தும், மான் நிரையும் குதிரைவீரர் நிரையும் அதன் கரையிலே ஒன்றையொன்று சூழ்ந்து செல்லும் கோலம் இன்றும் குலையாதிருப்பதைக் காண்போர்க்கு, தான் மிதிக்கும் தரைக்கும் மனிதன் எத்துணை மரியாதை செய்தான் என்பது விளங்கும். ஆயினும், ஆட்டுமயிரிலே முடிச்சிட்டு முடிச்சிட்டு வளர்க்கும் அக்கலை, தரையிலிருந்து ஏறும் குளிரைத் தடுக்கவேண்டிய நாடுகளுக்கு உரியது. சோளகக் காற்று புழுதியை வாரி இறைக்கும் யாழ்ப்பாணக் குடாநாட்டிலே, வைகாசி வெயிலில் சுவரும் சூடேறி நிற்கும் வீட்டிலே, அத்தகைய கம்பளம் மண்ணைத் தன்னுள்ளே ஒளித்து வைத்துக்கொள்ளும். இருப்பவர்க்கு வியர்வையைத் தரும். நமக்கென்று இயற்கை வைத்த விரிப்புப் பனையிலே இருக்கின்றது. வர்ணமூட்டி இழைத்த ஓலைப்பாயைத்தான் சொல்கிறேன்.

அதனை வாங்குவோர் பலர். ஆராய்ந்து வாங்குவோர் சிலர். கடையிலே தூக்கிப் பிடித்தபோது கண்ணைக் கவர்ந்தது என்பதற்காக ஒரு பாயைக் கொண்டுவந்து, வீட்டிலே எங்கே போடலாம் என்று பின்னர் யோசிப்பது முறையன்று. எந்த அறைக்கு வேண்டும், அவ்வறையிலே நாள்தோறும் நிகழ்வது என்ன, வெளிச்சம் எத்திசையிலிருந்து விழுகின்றது, தரையின் நிறம் யாது, அதிலே இருப்பவர் யார் என்பவற்றையெல்லாம் மனத்திற்கொண்டு, அதன் பின்னரே பாயைத் தேடிச் செல்லல்வேண்டும். ஏனெனில், பாயின் அழகு அது கிடக்கும் இடத்தோடு சேர்ந்தே பூரணமாகின்றது. யாழ்ப்பாணத்துக் குடும்பமொன்றின் வழிவந்த ஆனந்த குமாரசுவாமி, மத்தியகாலச் சிங்களக் கலையைப் பற்றி 1908இல் வெளியிட்ட பெருநூலிலே, சிற்பத்தையும் சித்திரத்தையும் ஆராய்ந்த அதே சிரத்தையோடு நாட்டுக் கைவினைஞரின் தொழில்களையும் ஆராய்ந்தார். உபயோகமும் அழகும் ஒன்றையொன்று பிரியாதவை என்பது அவர் வாழ்நாள் முழுவதும் வற்புறுத்திய கொள்கை. அக்கொள்கைக்கு ஓலைப்பாயைக் காட்டிலும் கிட்டிய உதாரணம் நம் வீடுகளிலே வேறில்லை.

பன்னவேலை என்று நம்மவர் வழங்கும் இக்கலையின் அருமையை அறிய, ஓலையிலிருந்து தொடங்கவேண்டும். பனையின் உச்சியிலே விரியாது நிற்கும் குருத்தோலை மிக மெல்லியது. சிறு பெட்டிகளுக்கும் நுண்ணிய வேலைகளுக்கும் அது உரியது. முற்றிக் காய்ந்த காவோலை வேலிக்கும் அடுப்புக்கும் போகும். இவ்விரண்டுக்கும் நடுப்பருவத்ததாகிய சார்வோலையே பாய்க்குப் பிரதானம். அதனை வெட்டித் தரையிலே பரப்பி, பகல் வெயிலும் இரவுப் பனியும் மாறிமாறிப் படும்படி விட்டுவைத்தால், பச்சை மெல்ல நீங்கி, பாலாடையின் நிறத்தையொத்த ஒரு வெண்மை அதிலே பரவும். பின்பு ஈர்க்கு நீக்கி, சத்தகத்தினாலே ஒரே அளவான வார்களாக வகிர்ந்துகொள்வர். மெல்லிய வாராக வகிர வகிரப் பாய் நயமாகும். இழைப்பவளின் நாட்களும் பெருகும். கடும்பகலிலே ஓலை முறுகி ஒடியும் ஆதலால், ஈரம் காற்றிலே தங்கியிருக்கும் விடியற்பொழுதும் மாலைப்பொழுதுமே இழைப்பதற்கு உகந்த வேளை. வீட்டு வேலை முடித்த பெண்கள் விறாந்தைக் குந்திலும் வேப்பமர நிழலிலும் இருந்து, கதை பேசிக்கொண்டே இழைத்த பாய்கள்தாம் தலைமுறை தலைமுறையாகக் குடாநாட்டின் வீடுகளிலே விரிக்கப்பட்டு வந்தவை.

இழைக்கும் முறையைச் சற்றுக் கிட்டவிருந்து பார்ப்போம். இதற்குத் தறி இல்லை. இரண்டு கைகளும் தரையுமே கருவி. ஓலைவார்கள் பாயின் விளிம்புக்குச் சாய்வாக இரு திசையில் ஓடி, ஒன்றன் மேலும் ஒன்றன் கீழுமாகப் புகுந்து செல்கின்றன. ஒருத்தியின் கையிலே வெள்ளோலையும் சிவப்போலையும் ஆகிய இரண்டு மாத்திரமே இருப்பினும், பாயிலே மூன்று வர்ணம் தோன்றும் விந்தை இங்கேதான் நிகழ்கின்றது. வெள்ளை வெள்ளையைக் கடக்குமிடம் வெறும் வெளியாகும். சிவப்புச் சிவப்பைக் கடக்குமிடம் திண்ணிய சிவப்புக் கட்டமாகும். சிவப்பு வெள்ளையைக் கடக்குமிடத்திலோ, நுண்ணிய கட்டங்களாய்ச் சிதறிய இரு நிறமும் எட்டநின்று நோக்குபவரின் கண்ணிலே கலந்து இளஞ்சிவப்பாய்த் தோற்றும். ஆறு சிவப்பு, ஆறு வெள்ளை என்று எண்ணி வைத்தால் ஒரு கோலம். ஆறு, நான்கு, இரண்டு என்று இறக்கி வைத்தால் நடுவிலே செறிந்து கரையிலே மெலியும் வேறொரு கோலம். ஒரேயொரு வார் இடம் மாறினாற்கூட, அந்தப் பிழை அவ்விடத்தோடு நில்லாது, சாய்வாக ஓடிப் பாயின் மறுகரையிலே போய் நிற்கும். ஆகவே, கடதாசியிலே வரையாமல், கணக்கு எழுதாமல், முழுப்பாயின் சித்திரத்தையும் மனத்திலே தாங்கிக்கொண்டு இழைப்பவளின் திறமை, சங்கீத வித்துவான் தாளத்தை மனத்திலே காத்துக்கொண்டு பாடும் திறமைக்குச் சற்றும் குறைந்ததன்று.

சாயத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் தோண்டி எடுத்த சாயவேர், ஒல்லாந்தர் காலத்திலே அரசாங்கத்தின் ஏகபோக உரிமைப் பொருளாய் இருந்தது. சீலைகளுக்குச் செம்மை ஊட்டிய அந்த வேரினால் சிவப்பு இந்த மண்ணுக்குப் பழகிய வர்ணமாயிற்று. இன்று ஓலைக்கு ஊட்டுவது சந்தையிலே வாங்கும் சாயத்தூள். கொதிநீரிலே கரைத்து, வார்களை அதிலே அமிழ்த்தி எடுத்து, நிழலிலே உலர்த்துவர். சிவப்பு, பச்சை, மஞ்சள், கத்தரிப்பூ ஊதா என்னும் நான்கே பெரும்பாலும் காணக்கிடைப்பவை. நான்கும் ஒரே பாயிலே வந்தால் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். வெள்ளோலை பாதிக்குக் குறையாமல் நிற்க, அதனோடு இரண்டு வர்ணம் கூடிய பாயே பல்லாண்டு பார்த்தும் சலியாதது என்பது என் அநுபவம்.

இனி அறைகளுக்குள் செல்வோம். முதலிலே விறாந்தை. வந்தவரை வரவேற்கும் இடமும், பிள்ளைகள் விளையாடும் இடமும், பின்னேரத்திலே பெரியவர்கள் காற்று வாங்கும் இடமும் அதுவேயாதலால், அங்கே பெரிய பாயும் பெரிய கோலமும் வேண்டும். தூரத்திலே படலையைத் திறக்கும்போதே கண்ணுக்குத் தெரியத்தக்க அகன்ற கட்டங்கள் விறாந்தைக்கு ஏற்றவை. நுண்ணிய வேலை அங்கே வீணாய்ப் போகும். சாய்ந்த வெயில் நாள்தோறும் படுமாகையால் ஊதாவும் பச்சையும் விரைவிலே வெளிறும். வெள்ளோலைப் பரப்பிலே கரைக்கு மாத்திரம் சிவப்பு ஓடிய பாய், வெளிறினாலும் அழகாகவே வெளிறும்.

கூடத்தின் காரியம் வேறு. நாற்சார வீடாயின் முற்றத்து வெளிச்சம் நடுவிலிருந்து பரவும். புதிய வீடாயின் யன்னல் வழியே ஒரு புறமிருந்து வரும். தரை காவிச் சிவப்புச் சீமெந்தாயிருந்தால், அதன்மீது சிவப்புப் பாயை விரிப்பது வர்ணத்தை வர்ணத்தாலே அழிப்பதாகும். பச்சையும் வெள்ளையும் கலந்த பாய் அங்கே துலங்கும். சாம்பல் நிறச் சீமெந்துக்கும் வெள்ளை மாபிளுக்கும் சிவப்பும் மஞ்சளும் உயிரூட்டும். பாயைச் சுவரோடு சுவராகப் போட்டு அறையை மூடிவிடாமல், நாற்புறமும் ஒரு முழமாவது தரை தெரியும்படி விட்டால்தான் கரையின் வேலைப்பாடு விளங்கும். கதிரையின் காலும் மேசையின் காலும் ஓலையை அறுக்கும் ஆகையால், அவற்றைப் பாயின் மேல் ஏற்றாதிருத்தல் நன்று. கண்டிக்கு அணித்தாகிய தும்பறைப் பகுதியிலே, நாரைத் தறியிலேற்றி, யானையும் பறவையும் பாம்பும் உருவாகச் சிங்களக் கைவினைஞர் பாய் நெய்யும் கலையை 2021இல் யுனெஸ்கோ மானிட மரபுரிமைப் பட்டியலிலே சேர்த்தது. அத்தகைய சித்திரப் பாய் கிடைத்தால், மிதிக்க விடாது கூடத்துச் சுவரிலே தொங்கவிடுவதே அதற்குச் செய்யும் மரியாதை.

சாமி அறைக்குத் தடுக்கு ஒன்று போதும். ஒருவர் சப்பணமிட்டு இருக்கும் அளவினதாய், மஞ்சளோ சிவப்போ ஒரே வர்ணக் கரையுடன் அது இருக்கட்டும். அங்கே குத்துவிளக்குண்டு, பூவுண்டு, கோலமுண்டு. இவற்றோடு போட்டியிடும் சித்திரம் தரைக்கு வேண்டா. மனம் ஒருமைப்படவேண்டிய இடத்திலே கண்ணை அலையவிடும் பாய், எத்துணை அழகாயினும் இடமறியாத அழகே.

படுக்கையறையிலே மென்மையே முதற்குணம். நம் ஓலைப்பாயைக் காட்டிலும் மட்டக்களப்புப் பகுதியின் பன்பாய் உடம்புக்கு இதமானது. தாமிரபரணிக் கரைக் கோரையிலே நெய்யும் பத்தமடைப் பாயோ, சுருட்டினால் பட்டுச் சீலைபோற் சுருளும் நயமுடையது. நீளவாட்டிலே ஓடும் மெல்லிய வரிகளும், பச்சை, நீலம் முதலிய தணிந்த வர்ணங்களும் நித்திரைக்குத் துணையாகும். கடுஞ்சிவப்புக் கட்டங்களை அங்கே தவிர்த்தல் நலம். கைக்குழந்தையைக் கிடத்தும் சிறுபாயிலே மாத்திரம் வர்ணம் தாராளமாக இருக்கலாம். ஆனால், சாயம் கழன்று குழந்தையின் உடம்பிலே பிடியாது என்று சோதித்தறிந்த பின்னரே கொள்ளவேண்டும்.

அடுப்படிக்குச் சாயமில்லாத வெள்ளோலையே தக்கது. ஈரமும் எண்ணெயும் சிந்தும் இடத்திலே சாயம் நில்லாது. மேலும், அரிந்த மரக்கறியும் தேங்காய்ப்பூவும் கழுவிய அரிசியும் தத்தம் வர்ணத்தோடு பொலியும் இடம் அது. பந்தி விரிக்கும் நீண்ட பாயும் அவ்வாறே; வாழையிலையின் பச்சைக்கும் சோற்றின் வெண்மைக்கும் முன்னே வேறு நிறம் எடுபடாது. கரையிலே ஒற்றை வரி சிவப்பு இருந்தாற் போதும்.

வாங்கும்போது செய்யத்தக்க பரீட்சைகள் எளியவை. பாயை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஒளி ஒரே சீராய்க் கசிந்தால் இழை சீரானது, இடையிடையே பளிச்சென்று தெறித்தால் கை தளர்ந்தது. பின்புறத்தைத் திருப்புங்கள், நல்ல இழைப்பிலே முன்னும் பின்னும் கோலம் ஒன்றாகவே இருக்கும். நான்கு மூலைகளையும் விளிம்பு பொத்திய இடத்தையும் விரலாலே தடவுங்கள். பாய் முதலிலே அழிவது அங்கேதான். நனைத்த வெள்ளைத் துணியாலே ஒரு மூலையைத் தேய்த்தால் சாயத்தின் உறுதி தெரிந்துவிடும். வீட்டுக்கு வந்தபின், மடிக்காமல் சுருட்டி வையுங்கள். மடித்த இடத்திலே ஓலை ஒடியும். கார்த்திகை, மார்கழி மழைக்காலத்திலே பூஞ்சணம் பிடியாதிருக்க, வெயில் கண்ட நாட்களிலே சிறிது நேரம் காற்றாட விட்டு, மீண்டும் நிழலிலே வையுங்கள். இவ்வளவு பேணினால் ஒரு பாய் தன் விலையைப் பலமடங்காகத் திருப்பித் தந்துவிடும்.

பனைக்குக் கற்பகதரு என்று பெயரிட்டு வாழ்ந்தவர்கள் நாம். நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் அதன் பெருமையைத் தாலவிலாசம் என்று ஒரு நூலாகவே பாடிவைத்தார். 1978இலே பனை அபிவிருத்திச் சபை அமைந்தது. அதன் கற்பகம் விற்பனை நிலையங்களிலே ஓலைப் பொருட்கள் இன்றும் கிடைக்கின்றன. ஆனால், யுத்தகாலத்திலே பனங்கூடல்கள் ஏராளமாய் அழிந்தன. எஞ்சிய பனையிலே ஏறி ஓலை வெட்டுவோர் அருகினர். பிளாத்திக்குப் பாய் குறைந்த விலைக்கு வந்து, இழைக்கத் தெரிந்த கைகளைச் சும்மா இருக்கச் செய்துவிட்டது. சந்தையிலே அந்தப் பாயின் விலையோடு ஓலைப்பாயின் விலையை ஒப்பிட்டுப் பேரம் பேசுவது, நாட்கணக்காக ஒருத்தி மனத்திலே தாங்கிய கணக்கை ஒரு நொடியிலே மதிப்பிறக்கம் செய்வதாகும்.

ஆதலால், வாசகர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். தைப்பொங்கலுக்கோ நல்லூர்த் திருவிழாவுக்கோ வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது, அறைகளின் நீள அகலத்தை அளந்து எழுதிக்கொண்டு, பாய் இழைக்கும் ஒருத்தியின் வீட்டுக்கே செல்லுங்கள். இன்ன அறைக்கு, இன்ன வர்ணத்திலே, இன்ன கரையோடு வேண்டும் என்று சொல்லுங்கள். அவள் சொல்லும் யோசனையையும் கேளுங்கள். கேட்ட விலையைக் குறைக்காமற் கொடுங்கள். சொல்லி இழைப்பித்த பாய் இருக்க, கம்பளம் எந்தத் தேசத்திலிருந்து வந்தாலும் நம் வீட்டுக்கு அதைவிடப் பொருந்தப்போவதில்லை.