கல்லின் முன் நிற்கும் கூட்டம்

கோச்சடையில் குடியிருப்போருக்கு நாகமலை ஒரு காட்சியன்று, ஒரு திசை. மேற்கே அதன் நீண்ட முதுகு தெரிந்தால் மழை இல்லை என்போம். மறைந்தால் குடையைத் தேடுவோம். அம்மலைத் தொடருக்கு அண்மையில், கீழக்குயில்குடியில் உள்ள சமணர்மலையையும் நெடுங்காலம் நாம் அவ்வாறே அறிந்திருந்தோம். அதன் பாறைகளில் ஆயிரம் ஆண்டுக்கு முந்திய மனிதர்கள் தம் ஆசிரியர்களின் பெயர்களைப் பொறித்து வைத்திருக்கிறார்கள் என்பதை, ஐம்பதை எட்டிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் பிறர் அழைத்துச் சென்று காட்டியபோதுதான் உணர்ந்தோம். காட்டுதல் என்னும் அத்தொழிலைப் பற்றியே இங்கு எழுத முற்படுகிறோம்.

கலைப்பொருளின் முன் மக்களை நிறுத்தி விளக்கம் சொல்லும் முறை மேலைநாட்டில் நிறுவனமாகி ஒரு நூற்றாண்டுக்கு மேலாகிறது. அமெரிக்காவின் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் 1907இல் இதற்கெனவே விளக்குநர்களை அமர்த்தி, அவர்களுக்கு ‘டோசண்ட்’ என்று பெயரிட்டது. கற்பித்தலைக் குறிக்கும் இலத்தீன் வேரிலிருந்து வந்த சொல் அது. நம் வழக்கில் ‘முதர்ரிஸ்’ என்று சொல்லிவிடலாம். ஈழத்துத் தமிழ்க் குடும்பத்தில் தோன்றிய ஆனந்த குமாரசுவாமி 1917இல் சென்று இந்தியக் கலைப்பிரிவைப் பொறுப்பேற்றதும் அதே நிறுவனத்தில்தான். அதன் செயலாளராயிருந்த கில்மன் 1916இல் ‘அருங்காட்சியகக் களைப்பு’ பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பேழைகளின் முன் குனிந்தும் வளைந்தும் பார்ப்பவன் படும் பாட்டை அவர் புகைப்படங்களோடு காட்டினார். பின்னர் பிரிட்டனில் 1968இல் கலைச் சொற்பொழிவுகளுக்கான சங்கங்களின் கூட்டமைப்பு உருவாயிற்று. உறுப்பினர் கட்டணம், மாதச் சொற்பொழிவு, காட்சிக்கூட உலா என்று அது வளர்ந்தது. ஓய்வும் வசதியும் உடையோரின் பொழுதுபோக்கு என்று அதை எள்ளுவோர் உண்டு. அந்த எள்ளலில் ஓரளவு உண்மையும் உண்டு.

மதுரையில் நிகழ்ந்தது வேறு. 2010இல் யானைமலையைக் குடைந்து சிற்ப நகரமாக்கும் திட்டம் பேசப்பட்டபோது அடிவாரத்து ஊர்மக்கள் எதிர்த்து நின்றனர். அச்சூழலில் எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் முன்னின்று தொடங்கிய ‘பசுமை நடை’, மாதம் ஒரு ஞாயிறு காலையில் குன்றுகளை நோக்கி மக்களை அழைத்துச் சென்றது. தொல்லியலாளர் சொ. சாந்தலிங்கம் பாறையடியில் நின்று கல்வெட்டைப் படித்துப் பொருள் சொன்னார். இங்கே நுழைவுச்சீட்டும் இல்லை, கண்ணாடிப் பேழையும் இல்லை. நூற்றுக்கணக்கானோர் பாறையில் அமர்ந்து கேட்டனர். கல்லுடைப்போர் கையில் மலை போய்விடும் என்ற அச்சத்திலிருந்து பிறந்த சொற்பொழிவு இது. அருங்காட்சியகத்தின் ஆதரவாளர்கள் என்று மேலைநாட்டார் சொல்வோர்க்கு இங்கு உறுப்பினர் அட்டை கிடையாது. காக்கவேண்டிய மலை உண்டு.

சமணர்மலையின் பேச்சிப்பள்ளத்தில் வரிசையாகப் புடைத்து நிற்கும் எட்டு உருவங்களின் முன் நம் மாணவர் சிலரோடு நின்றோம். ஒரு மாணவர் தயங்கினார். “ஹஜ்ரத், சிலைகளைப் பார்க்கவா வந்திருக்கிறோம்?” என்று தாழ்ந்த குரலில் கேட்டார். கேள்வியில் குற்றமில்லை. கீழே வெட்டியிருந்த வட்டெழுத்தை அவருக்குச் சுட்டினோம். இன்னாரின் மாணாக்கர் இன்னார், அவரின் மாணாக்கர் செய்வித்தது என்று செல்லும் வரிகள் அம்மலையில் பல உள்ளன. குரண்டித் திருக்காட்டாம்பள்ளி என்ற கல்விச்சாலையின் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. அச்சணந்தி என்னும் துறவியின் தாயார் குணமதியார் ஒரு திருமேனியைச் செய்வித்த செய்தியும் இருக்கிறது. ஹதீஸ் பாடத்தில் ‘இவரிடமிருந்து இவர் கேட்டார்’ என்ற ஸனதுத் தொடரைச் சொல்லியே வளர்ந்த அம்மாணவருக்கு, ஆசிரியர் பெயரை விடாமல் சொல்லும் அந்த ஒழுக்கம் உடனே பிடிபட்டது. பிறகு அவர் கேட்ட கேள்விகள் அனைத்தும் எழுத்தைப் பற்றியனவாக இருந்தன.

ஆயினும் இத்தகைய உலாக்களைப் பற்றி நமக்கு ஒரு குறையுண்டு. பல குழுக்களோடு பல இடங்களில் நின்று கேட்டதால் சொல்கிறோம். எந்த ஒரு குழுவையும் சுட்டவில்லை. ஆண்டும் அரசமரபும் சொல்லப்படுகின்றன. பார்க்கும் வழி சொல்லப்படுவதில்லை. பாம்புப்படம் தலைமேல் விரிந்தவர் பார்சுவநாதர், கால்களில் கொடி படர்ந்தவர் பாகுபலி என்பதோடு விளக்கம் முடிந்துவிடுகிறது. கொடி ஏன் படர்ந்தது, அசையாது நின்ற காலத்தின் நீளத்தை ஒரு சிற்பி கல்லில் வேறெவ்வாறு சொல்லியிருக்க முடியும் என்று எவரும் கேட்பதில்லை. செட்டிப்புடவின் குகைக்குள் சிங்கத்தின் மீதேறி யானைவீரனோடு போரிடும் இயக்கியைப் பக்கத்திலேயே அமைதியாய் அமர்ந்திருக்கும் தீர்த்தங்கரர்களோடு சேர்த்து நோக்கினால், அசைவும் அசைவின்மையும் ஒரே பாறையில் எதிரெதிராக வைக்கப்பட்டிருப்பது புலனாகும். அதற்குக் கால் மணிநேர மௌனம் வேண்டும். பேசுவோர் அந்த மௌனத்தைத் தருவதில்லை. கேட்போரும் அதற்குள் கைபேசியை உயர்த்திவிடுகிறார்கள்.

பிறர் சமயத்துப் பொருளைக் காட்டும் ஒழுங்கு நம் முன்னோர்க்குத் தெரியாததன்று. அல்பிரூனி 1030 அளவில் இந்தியாவைப் பற்றி எழுதிய நூலில், வாதிட்டு வெல்வது தம் நோக்கமன்று என்று தெளிவாக்கிவிட்டு, உருவங்களை எந்த அளவில் செய்யவேண்டும் என்று வராகமிகிரர் வகுத்த விதிகளையே எடுத்துத் தருகிறார். நம்மவரைப் பற்றிச் சொல்லும் ஒழுங்குக்கு இப்னு பதூதாவைப் பார்க்கவேண்டும். மதுரை சுல்தான் கியாசுத்தீன் அவருக்குச் சகலை. இருவரும் சுல்தான் ஜலாலுத்தீன் அஹ்ஸன்ஷாவின் மகள்களை மணந்தவர்கள். உறவென்று பாராமல், சிறைபிடித்த பெண்களையும் குழந்தைகளையும் அந்தச் சுல்தான் கொன்ற கொடுமையைத் தம் பயண நூலில் பதிந்து கண்டித்தார். நம் சுற்றுலா வழிகாட்டிகள் சுல்தான்கள் காலத்தை ஒரே வசைச்சொல்லில் கடப்பதும், நம்மவர் அதை ஒரே புகழ்ச்சொல்லில் மூடுவதும் அவருக்கு உடன்பாடாயிரா.

நம் குறையை இனிச் சொல்லவேண்டும். கோரிப்பாளையம் தர்காவின் பெருங்கவிகை ஒரே கல்லால் ஆனது, அழகர்மலையிலிருந்து வந்தது என்று சிறுவயது முதல் கேட்டுவருகிறோம். சொன்னவர் எவரும் நம்மை நிமிர்ந்து பார்க்கச் சொல்லிப் பொருத்துவாய் இருப்பதையோ இல்லாததையோ காட்டியதில்லை. அங்கே கூன்பாண்டியன் கொடையை உறுதிசெய்யும் வீரப்ப நாயக்கர் காலக் கல்வெட்டு இருக்கிறது. ஜியாரத்துக்கு வருவோரில் எத்தனை பேருக்கு அது எங்கே என்று தெரியும்? மதுரையும் கீழக்கரையும் காயல்பட்டினமும் உள்ளிட்ட இடங்களின் பள்ளிவாசல்களை அளந்து வரைந்து 2003இல் பெரிய நூலாக வெளியிட்டவர் மெஹர்தாத் ஷுகூஹி, வெளிநாட்டு அறிஞர். நம்மவரில் புதுக்கோட்டை அரசு அருங்காட்சியகத்தின் காப்பாட்சியராயிருந்த ஜெ. ராஜா முகமது தமிழகத்து இஸ்லாமியக் கட்டடக்கலையை ஆய்ந்து எழுதினார். அந்நூல்கள் நம் மத்ரஸா நூலகங்களில் இல்லை; நாம் பணியாற்றும் நூலகத்திலும் இல்லை என்பதை வெட்கத்தோடு சொல்கிறோம்.

கீழக்கரைப் பழைய ஜும்ஆப் பள்ளியின் தூண்களைப் பார்த்தவர் அறிவர். கோயில் மண்டபம் எழுப்பிய அதே கைமரபு, உருவத்தை விலக்கிவிட்டுப் பூவும் கொடியும் வடிவக்கணித அமைப்பும் செதுக்கியிருக்கிறது. சிற்பி தன் கையை மாற்றிக்கொள்ளவில்லை; அதற்கு என்ன கொடுக்கலாம், எதைக் கொடுக்கலாகாது என்று ஜமாஅத்தார் சொன்னார்கள். ஒரு மார்க்க விதி கலையாக மாறியதை இதைவிட நேராகக் காட்டும் இடம் வேறில்லை. அத்தகைய தூண்கள் உள்ள ஒரு சிற்றூர்ப் பள்ளிவாசலுக்கு, ஊர் பெயர் வேண்டாம், சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிக்காஹுக்குச் சென்றிருந்தோம். தூண்களுக்கு மஞ்சள் எனாமல் பூசி, இடுப்பளவு வரை பளிங்கு ஓடு பதித்திருந்தார்கள். முத்தவல்லி பெருமையோடு அழைத்துப்போய்க் காட்டினார். “எவ்வளவு செலவாயிற்று தெரியுமா, ஹஜ்ரத்?” என்றார். ஓட்டின் விளிம்புக்கு மேலே, வண்ணத்தின் அடியில், ஒரு தாமரையின் பாதி தெரிந்தது. அவரை அங்கே நிறுத்தி விரலால் அதன் இதழ்களை எண்ணிக் காட்டினோம். அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு, மீதிப் பாதி ஓட்டுக்குள்ளே இருக்குமா என்று கேட்டார்.