பெருமையின் அளவுகோல்: மலைநாட்டுத் திருப்பதிகளை முன்னிட்டு ஓர் ஆராய்ச்சி

ஓர் அரசனையோ, ஒரு நூலாசிரியனையோ, ஒரு கோயிலையோ உலகம் ‘பெரியது’ என்று சொல்லும்போது பெரும்பாலும் மூன்று அளவுகோல்களைக் கையாளுகிறது. பரப்பு ஒன்று, பழைமை ஒன்று, வெற்றி மற்றொன்று. நம் பூர்வாசார்யர்கள் இம்மூன்றையும் அறியாதவர்கள் அல்லர். எம்பெருமானுடைய பெருமையைப் பேசும்போது அவர்கள் முதலில் பரத்வத்தைப் பேசுகிறார்கள். ஆனால் அங்கே நின்றுவிடுவதில்லை. அத்தனை பெரியவன் எளியவனாய் வந்து நிற்பதிலேயே அவனுடைய குணங்கள் ஒளிபெறுகின்றன என்று ஸௌலப்யத்தைக் கொண்டே முடிக்கிறார்கள். எம்பெருமான் விஷயத்தில் ஏற்கப்பட்ட இந்த அளவுகோலை மனிதர்களுக்கும் அவர்கள் எழுப்பிய கட்டடங்களுக்கும் பொருத்திப் பார்க்கலாமா என்பதே இங்கு ஆராயப்படுவது. இதற்கு நாஞ்சில் நாடும் அதை அடுத்த கல்குளம் பகுதியும் நல்ல உரைகல்லாக அமைகின்றன.

இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் மங்களாசாஸனம் பெற்ற திருப்பதிகள் இரண்டே. ஒன்று திருவட்டாறு, மற்றொன்று நாகர்கோவிலை அடுத்துத் திருப்பதிசாரம் என்று வழங்கும் திருவண்பரிசாரம். இரண்டையும் பாடியவர் நம்மாழ்வார் ஒருவரே. திருவட்டாற்றுக்குப் பத்தாம் பத்தில் ஒரு திருவாய்மொழி முழுவதும் அமைந்தது. திருவண்பரிசாரத்துக்கு எட்டாம் பத்தில் ஒரே ஒரு பாசுரம். கட்டடத்தின் விரிவிலும் சிற்பத்தின் செறிவிலும் இவ்விரண்டையும் விஞ்சும் ஆலயங்கள் சுற்றுவட்டாரத்தில் உண்டு. வானளாவிய கோபுரமும் இசைத்தூண்களும் கொண்ட சுசீந்திரம் கண்ணெதிரே நிற்கிறது. ஆயினும், நாஞ்சில் நாட்டைக் கண்ணால் கண்டிராத ஒரு வைணவனும் திருவண்பரிசாரத்தின் பெயரை அறிந்திருக்கிறான். அவனுக்கு அந்தப் பெயரைக் கொடுத்தது கல் அன்று, ஒரு பாசுரம்.

திருவட்டாற்றின் வரலாறு இதை மேலும் தெளிவாக்கும். கோதையாறும் பறளியாறும் சூழ்ந்த மேட்டில், மேற்கு நோக்கிய திருமுகமண்டலத்துடன், மூன்று வாசல்கள் வழியே ஸேவிக்கும்படி ஆதிகேசவப் பெருமாள் பள்ளிகொண்டிருக்கிறார். 2022-ஆம் ஆண்டு ஜூலை 6-ஆம் நாள் இக்கோயிலில் மஹா கும்பாபிஷேகம் நடைபெற்றது. இதற்கு முந்தையது 418 ஆண்டுகளுக்கு முன் நடந்ததென்று கணக்கிடப்பட்டது. நான்கு நூற்றாண்டுகளில் அரசுகள் மாறின, தலைநகரம் மாறிற்று, 1956 நவம்பர் 1-ஆம் நாள் மாநில எல்லையே மாறிற்று. இத்தனைக்கும் இடையில், அத்யயனோத்ஸவத்தில் இராப்பத்து நடக்கும் ஊர்களிலெல்லாம் அந்தப் பதிகம் ஆண்டு தவறாமல் ஸேவிக்கப்பட்டு வந்தது. கும்பாபிஷேகம் காணாத கோயிலின் பெயர் ஸேவாகாலத்தில் ஓராண்டும் விட்டுப்போனதில்லை.

அந்தப் பதிகத்துக்கு வ்யாக்யாதாக்கள் காணும் கருத்தும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. ஆழ்வாரைத் திருநாட்டுக்கு அழைத்துச் செல்லத் துடிக்கும் எம்பெருமான், தன் விருப்பப்படி செய்யாமல், அடியவர் இசைவை எதிர்பார்த்து அவர் விதித்தபடி செய்யக் காத்திருக்கிறான் என்பது அவர்கள் காட்டும் திரண்ட பொருள். ஆச்ரித விதேயத்வம் என்று இதற்குப் பெயர். ஆக, திருவட்டாறு நிலைபெற்றது ஒரு பாடலால். அந்தப் பாடல் புகழ்வதோ பெரியவன் தன் பெருமையை விட்டுக்கொடுத்த ஒரு நிலையை.

இங்கு ஒரு தடை எழலாம். பாசுரம் காத்துவிட்டது என்றால் மதிலையும் விமானத்தையும் யார் காப்பது? இந்தத் தடை நியாயமானதே. பாசுரம் பெயரைக் காக்கும். ஒழுகும் கூரையை அடைக்காது. மங்களாசாஸனம் பெற்ற தலம் என்று மேடைகளில் பெருமை பேசிவிட்டு, அங்கே விளக்கெரிகிறதா, திருவமுது படி தவறாமல் கண்டருளப்பண்ணப்படுகிறதா என்று கேளாதிருப்பது நினைவன்று. நினைவின் பெயரால் செய்யப்படும் மறதி. மங்களாசாஸனம் என்பதற்கே ‘பொங்கும் பரிவு’ என்று நம் பெரியோர் பொருள் கொண்டார்கள். பரிவு உள்ளவன் பாடலோடு நிற்கமாட்டான்.

இனி அரசர் விஷயம். இப்பகுதியில் நினைவில் நிற்கும் அரசர்களில் முதல்வர் 1729 முதல் 1758 வரை ஆண்ட மார்த்தாண்டவர்மர். 1741 ஆகஸ்டில் குளச்சலில் டச்சுப் படையை வென்றார். அப்போர் தந்த கைதியான டிலனாயே பின்னர் அவருடைய படைத்தலைவராகி, இன்று உதயகிரிக் கோட்டைக்குள் துயில்கிறார். ஆனால் மன்னரின் பெயரை நிலைநிறுத்திய செயல் 1750 ஜனவரியில் நடந்தது. தாம் வென்ற நாடு முழுவதையும் திருவனந்தபுரத்து எம்பெருமானுக்கு ஸமர்ப்பித்து, தம் வாளைத் திருவடியில் வைத்து, ‘பத்மநாபதாஸர்’ என்ற பெயரோடு அதை மீண்டும் பெற்றுக்கொண்டார். திருப்படிதானம் என்று இது வழங்கும்.

இச்செயலைப் பற்றி இருவகைத் தீர்ப்புகள் உள்ளன. பக்தர் இதைச் சரணாகதி என்பர். சரித்திரக்காரர் பலர் இதை அரச தந்திரம் என்பர்: எட்டுவீட்டில் பிள்ளைமாரை ஒடுக்கி, அண்டை நாடுகளைச் சேர்த்துக்கொண்ட மன்னருக்கு ஒரு புதிய உரிமை தேவைப்பட்டது, நாடே தெய்வத்தினுடையது ஆனபின் அரசனை எதிர்ப்பது தெய்வத்துரோகம் ஆகிவிடும் என்பது அவர்கள் வாதம். இவ்வாதத்தைச் சினந்து தள்ளுவது விவேகமன்று. ஆத்ம ஸமர்ப்பணத்தையே நம் ஆசார்யர்கள் கடுமையாகச் சோதித்தவர்கள்: அவனுடைய பொருளை ‘என்னுடையது’ என்று கொண்டிருந்து, பிறகு அதையே அவனுக்குக் கொடுப்பதாக எண்ணுவதும் ஒருவகைக் களவே அன்றோ என்று கேட்டவர்கள். அந்தக் கேள்வியை ஓர் அரசனிடமும் கேட்கலாம்.

ஆனால் கேள்விக்கு விடை மன்னரின் உள்ளத்தில் தேடத்தக்கதன்று. அது நமக்குத் திறவாத அறை. அச்செயல் பின்வந்தவர்களைக் கட்டியதா என்று பார்ப்பதே ஆராய்ச்சிக்குத் தகும் வழி. கட்டியது என்பதில் ஐயமில்லை. 1949-இல் திருவிதாங்கூர், கொச்சியோடு இணையும்வரை அவ்வரியணையில் அமர்ந்த மன்னர்கள் தாஸர் என்ற பெயரோடுதான் ஆண்டனர். வென்றவன் என்ற பட்டம் வென்றவனோடு போகும். அடியேன் என்ற சொல் அடுத்தவனையும் கட்டும். தந்திரமாகவே தொடங்கியிருந்தாலும், தன்னை வணங்கச் செய்யாமல் வணங்கும் கடமையை விட்டுச் சென்றது அத்தந்திரம். இங்கே எழுத்தின் பங்கையும் மறக்கலாகாது. ஸி. வி. ராமன் பிள்ளை 1891-இல் வெளியிட்ட மலையாள நாவல் இல்லாதிருந்தால், இம்மன்னரின் இளமைக்கால இன்னல்கள் இத்தனை வீடுகளில் அறியப்பட்டிரா.

இதே திருவனந்தபுரத்தைப் பற்றி குருபரம்பரை சொல்லும் இன்னொரு வரலாற்றை இதனருகில் வைத்துப் பார்க்கவேண்டும். எம்பெருமானார் அங்கே எழுந்தருளி, கோயில் ஒழுங்கைப் பாஞ்சராத்ர முறையில் திருத்தத் திருவுள்ளம் கொண்டார். நம்பூதிரிகள் எம்பெருமானிடம் முறையிட, அன்றிரவே உறங்கிக்கொண்டிருந்த உடையவர் திருக்குறுங்குடியில் கொண்டு சேர்க்கப்பட்டார். விடியலில் ‘வடுகா’ என்று சீடரை அழைத்தபோது, திருக்குறுங்குடி நம்பியே வடுகநம்பியின் வடிவில் வந்து கைங்கர்யம் செய்தார் என்பது ஐதிஹ்யம். உலகியல் கணக்கில் இது ஒரு தோல்வி. ஆசார்யரின் பெருமையை வளர்க்க நினைக்கும் சீடர்கள் இதை மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை, விரித்தே எழுதினார்கள். வென்ற இடங்களைவிட இந்தத் தோற்ற இடத்தில்தான் எம்பெருமான் சீடனாக வந்து நின்றான் என்பதை அவர்கள் கண்டார்கள். தலைவனின் தோல்வியை மறைக்கவேண்டிய தேவை இல்லாத ஸம்ப்ரதாயம் தன் பெருமையை வெற்றியின்மேல் கட்டவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

நூலாசிரியர்களிடம் வரும்போது இவ்வளவுகோல் இன்னும் கூர்மை அடைகிறது. நஞ்சீயர் தம் ஒன்பதினாயிரப்படியைப் பட்டோலைப்படுத்த நம்பூர் வரதராஜரிடம் கொடுத்தார். காவிரியைக் கடக்கையில் வெள்ளத்தில் அச்சுவடி போயிற்று. வரதராஜர் கேட்ட அர்த்தங்களை நினைவிலிருந்தே எழுதி முடித்து, சில இடங்களில் நயமும் கூட்டினார். நஞ்சீயர் சினக்கவில்லை, ‘நம்பிள்ளை’ என்று அணைத்துக்கொண்டார். அந்த நம்பிள்ளையின் காலக்ஷேபத்தைக் கேட்டு இரவில் எழுதிவைத்தவர் வடக்குத் திருவீதிப்பிள்ளை. அதுவே ஈடு முப்பத்தாறாயிரப்படி. எழுதியவர் அவர், ஆனாலும் ஸம்ப்ரதாயம் அதை நம்பிள்ளையின் ஈடு என்றே சொல்கிறது. தம் பெயரை நூலுக்குப் பின்னால் வைத்தவரின் நூல்தான் எல்லா வ்யாக்யானங்களுக்கும் முன்னால் நிற்கிறது.

இவ்வரிசையில் மணவாளமாமுனிகளின் செயல் ஒன்று தனியே எண்ணத்தக்கது. பெரியவாச்சான் பிள்ளை பெரியாழ்வார் திருமொழிக்கு இட்ட வ்யாக்யானத்தில் ஏறத்தாழ நானூறு பாசுரங்களுக்கான பகுதி செல்லரித்துப் போயிற்று. மாமுனிகள் நினைத்திருந்தால் அப்ரபந்தம் முழுவதுக்கும் தாமே புதிதாக உரை அருளிச்செய்திருக்கலாம். அதைச் செய்யும் ஆற்றல் அவருக்கு இல்லையென்று யாரும் சொல்லார். அவரோ அழிந்த பகுதிக்கு மட்டுமே எழுதினார். முன்னவரின் எழுத்து கிடைத்த இடத்தில் தம் எழுத்தாணியை நிறுத்திக்கொண்டார். பெரியவாச்சான் பிள்ளை வ்யாக்யான சக்ரவர்த்தி என்று இன்று போற்றப்படுவதற்கு அவருடைய ஞானம் முதற்காரணம். அந்த ஞானத்தை மறைக்கும் வலிமை பெற்றிருந்தும் மறைக்காமல் விலகி நின்ற ஒருவர் பின்னர் வந்தது மற்றொரு காரணம். ஒருவனுடைய பெருமை பாதி அவனிடத்தில் இருக்கிறது. மறுபாதி அவனுக்குப் பின் வருபவனிடத்தில் இருக்கிறது.

ஆயினும் நினைவையே தீர்ப்பாகக் கொண்டுவிடலாகாது. நினைவும் தவறும், சில வேளை வேண்டுமென்றே தவறும். நம்மாழ்வாரின் திருத்தாயார் உடையநங்கையின் பிறந்தகம் திருவண்பரிசாரம் என்பது ஸம்ப்ரதாயம். வேளாளர் குலத்தில் வந்த அந்தத் தாயின் பிள்ளையையே நாம் ப்ரபந்நஜன கூடஸ்தர் என்று தலைமேல் வைத்தோம். மாறனேரிநம்பிக்குப் பெரியநம்பி சரமகைங்கர்யம் செய்ததைப் புகழ்ந்து எழுதினோம். பாகவதர்களிடம் பிறப்பை ஆராய்வது கொடிய அபசாரம் என்று பிள்ளைலோகாசார்யர் ஸ்ரீவசநபூஷணத்தில் அறுதியிட்டார். அதையும் காலக்ஷேபம் கேட்டோம். அப்படியிருக்க, அந்தத் திருவண்பரிசாரத்துக்கு மிக அருகில், சுசீந்திரத்துக் கோயில் வீதிகளில் நடக்கும் உரிமைக்காக 1926-இல் மக்கள் ஸத்யாக்ரஹம் செய்யவேண்டியிருந்தது. தடையை நீக்கியது 1936 நவம்பர் 12-ஆம் நாள் ஸ்ரீசித்திரைத் திருநாள் மஹாராஜா வெளியிட்ட ஆலயப் பிரவேச விளம்பரம். அதில் ஒப்பமிட்டவரும் பத்மநாபதாஸரே. நூல்கள் நம்மிடம் இருந்தன. கதவு திறந்தது வேறிடத்தில். ஸ்ரீவசநபூஷணத்தை மனப்பாடமாக வைத்திருந்தும் அதன்படி நில்லாத தலைமுறைகள் அந்நூலைக் காத்தன என்று சொல்லலாம்; அதன் பெருமையைக் காத்தன என்று சொல்ல முடியாது.

அண்மைக்காலச் சான்றுகள் இரண்டோடு முடிக்கலாம். 2011-இல் திருவனந்தபுரத்து நிலவறைகள் திறக்கப்பட்டபோது, அதுவரை அக்கோயிலின் பெயரைக் கேட்டிராதவர்களும் அதைப் பெரிய கோயில் என்றார்கள். பொன்னை நிறுத்துப் பெருமை கண்டார்கள். அப்பொன் வருவதற்கு முன்பே ஆழ்வார் அங்கே சென்று சேருமாறு அடியவர்களை அழைத்திருந்தார். மறுபுறம், கன்னியாகுமரிக் கடலில் 2000 ஜனவரி 1-ஆம் நாள் திறக்கப்பட்ட வள்ளுவர் சிலையைக் காணலாம். அதன் உயரம் 133 அடி. பீடம் 38, திருவுருவம் 95. குறளின் அதிகாரத் தொகையும், அறத்துப்பாலின் அதிகாரங்களும், ஏனை இரு பால்களின் அதிகாரங்களும் அவை. அந்தக் கல், தன் அளவை நூலிடமிருந்து வாங்கிக்கொண்டது. நூலுக்குக் கல் பெருமை தரவில்லை என்பதைச் சிற்பியே ஒப்புக்கொண்ட இடம் அது.

ஆக, பரப்பும் பழைமையும் வெற்றியும் ஒருவனைக் கண்ணில் படச் செய்யும், நினைவில் நிறுத்தமாட்டா. தன்னைவிடப் பெரிய ஒன்றுக்குத் தன்னை அடிமையாக்கிய அரசன், தன் ஆசார்யனுக்குப் பின்னால் தன் பெயரை வைத்த ஆசிரியன், ஒரு பாசுரத்துக்குக் கொள்கலமாக அமைந்த கோயில்: இவையே நின்றிருக்கின்றன. அவை நிற்பதும் அடுத்து வருபவர் கையில் உள்ளது. திருவண்பரிசாரத்துப் பாசுரம் ஒன்றே. அதை ஸேவிக்கச் சில நொடிகளே ஆகும். அந்தச் சில நொடிகளை ஒரு தலைமுறை விட்டுவிட்டால், பிறகு எந்தக் கோபுரத்தாலும் அதை மீட்க இயலாது.