‘ஜோதா அக்பர்’ தொடரிற் பெண் பாத்திரங்கள்

வரலாற்றைப் பொருளாகக் கொண்ட கற்பனைப் படைப்புக்களை மதிப்பிடுவோர் இருவேறு கட்சியினராகப் பிரிந்து நிற்றல் வழக்கம். நடந்ததை நடந்தவாறு கூறிற்றா என வினவுவோர் ஒரு சாரார். உள்ளத்தைத் தொட்டதா என வினவுவோர் மற்றொரு சாரார். பாலாஜி டெலிபிலிம்ஸ் நிறுவனம் தயாரித்து, ஸீ தொலைக்காட்சியில் 2013 யூன் முதல் 2015 ஓகஸ்ட் வரை ஒளிபரப்பாகிய ‘ஜோதா அக்பர்’ என்னும் இந்தித் தொடரைப் பற்றிச் சுவைஞர் கூறியவையும் பெரிதும் இவ்விரு பகுப்பினுள் அடங்கும். எனினும், இவ்விரண்டினும் வேறான மூன்றாவது வினா ஒன்றுண்டு. காதலர் இருவரை உயர்த்துதற்பொருட்டு இப்படைப்பு யாரைத் தாழ்த்தியது என்பதே அவ்வினா.

முதலில் வரலாறு கூறுவதனை நோக்குவோம். ஆம்பர் நாட்டரசனாகிய பார்மல், மொகலாய அதிகாரியான சரீபுத்தீன் மிர்சாவின் நெருக்குதலுக்கு ஆற்றாது, அக்பரின் ஆதரவை நாடினான். 1562ஆம் ஆண்டில் சாம்பர் என்னுமிடத்தில் அவன் மகளை அக்பர் மணந்தார். அப்பொழுது அக்பருக்கு வயது பத்தொன்பது. 1569ஆம் ஆண்டில், பின்னாளில் ஜஹாங்கீர் எனப்பட்ட சலீமை ஈன்ற அவ்வரசி, ‘மரியம் உஸ் ஸமானி’ என்னும் சிறப்புப் பெயர் பெற்றாள். அபுல் பஸல் இயற்றிய அக்பர் நாமாவில் ‘ஜோதா’ என்னும் பெயர் அவளுக்கு வழங்கப்படவில்லை. ஜோத்பாய் எனப்பட்டவள் மார்வார் நாட்டிலிருந்து வந்து ஜஹாங்கீரை மணந்த மற்றோர் அரசி. மருமகளின் பெயர் மாமிக்கு ஏறியமை பிற்காலத்தார் செய்த மயக்கமாகும். ஆகவே, கோடிக்கணக்கானோர் அறிந்த இக்காதற் கதையின் தலைவி, தன் சொந்தப் பெயரையும் இழந்தே அரங்கேறுகின்றாள்.

இப்பெயர் மயக்கம் ஒன்றையே கொண்டு தொடரைத் தள்ளிவிடுதல் நேரிய திறனாய்வாகாது. 1960இல் வெளிவந்த ‘முகலே ஆஸம்’, 2008இல் வெளிவந்த ‘ஜோதா அக்பர்’ ஆகிய திரைப்படங்களும் இப்பெயரையே ஆண்டன. தொடரின் சிறப்பு வேறிடத்தில் உள்ளது. அரசர் இருவர் செய்துகொண்ட உடன்படிக்கையின் பிணையாக ஒரு பெண் மணஞ்செய்து கொடுக்கப்படுகின்றாள். அவள் உடன்பட்டாளா என வரலாற்றாசிரியர் வினவிலர். தொடரோ அவ்வினாவையே தன் கருவாகக் கொண்டது. மணம் முடிந்தபின்னரும் மனம் கூடாத நிலையை அது நெடுங்காலம் நீட்டிக் காட்டிற்று. பரிதி சர்மா நடித்த ஜோதா, கணவனின் வெற்றிகளைக் கண்டு மயங்காது, அவன் இரக்கமின்மையை எதிர்த்து நிற்கின்றாள். அந்தப்புரத்திலும் தன் கண்ணனையே வழிபடுகின்றாள். ரஜத் தோகஸ் நடித்த ஜலாலும் அவள் நெஞ்சம் ஆணைக்குப் பணியாது என்பதைப் படிப்படியாகவே உணர்கின்றான். பேரரசனாயினும் ஒரு பெண்ணின் உடன்பாட்டுக்குக் காத்திருத்தல் வேண்டும் என்னும் இக்கருத்தே சுவைஞர் பலரைப் பிணித்தது. வெறுப்பு மதிப்பாகவும், மதிப்பு அன்பாகவும் மாறும் படிமுறையை அவர்கள் காட்சி காட்சியாக எடுத்துப் பேசியதும் இதனாலேயாம்.

ஆயினும், தலைவிக்கு அளித்த இப்பெருமையைத் தொடர் பிற பெண்டிர்க்கு அளிக்கவில்லை. அக்பரின் செவிலித்தாயாகிய மாஹம் அனகா ஒருகாலத்தில் அரசியலில் மிகுந்த செல்வாக்குடன் விளங்கியவள். அமைச்சர் ஒருவரைக் கொன்ற அவள் மகன் ஆதம் கான், 1562இல் அக்பரின் ஆணைப்படி மாடத்திலிருந்து வீழ்த்திக் கொல்லப்பட்டான். சில வாரங்களுள் அவளும் இறந்தாள். வளர்த்த மகன் பெற்ற மகனைக் கொல்வித்த இவ்வவலம் பெருநாடகம் ஒன்றுக்குப் போதியது. தொடரோ அவளைப் பெரும்பாலும் சூழ்ச்சிக்காரியாகவே வார்த்தது.

ருக்கையா பேகத்தின் நிலையும் இத்தகையதே. அக்பரின் சிற்றப்பன் ஹிந்தாலின் மகளாகிய அவள் அவருடைய முதல் மனைவி. தன் வயிற்றில் மகவு பிறவாத அவள், சலீமின் மகன் குர்ரமைத் தன் மகன்போல் வளர்த்தாள். அவனே பின்னாளில் ஷாஜஹான் ஆனான். பிறர் பெற்ற பிள்ளையை அன்புடன் வளர்த்த அப்பெண்மணியைத் தொடர் பதவி வேட்கையும் பொறாமையும் உடையவளாக்கியது. இளமைத் தோழியாய் உடனிருந்தவளை விட்டுத் தலைவன் நெஞ்சம் வேறொருத்திபாற் செல்லுங்கால், அவள் துயரும் துயரன்றோ? சுவைஞருட் சிலர் ருக்கையாவுக்காகப் பரிந்து பேசியதுண்டு. படைத்தோர் காட்டத் தவறிய நடுவுநிலையை அவர்கள் காட்டினர் எனலாம்.

தலைவியும் இக்குறைக்குத் தப்பினாளல்லள். வரலாற்றில் அவள் கணவன் நெஞ்சை வென்றதோடு அமையவில்லை. கடல் வாணிகம் நடத்தினாள். அவளுக்குரிய ‘ரஹீமி’ என்னும் பெருங்கப்பலை 1613இல் போர்த்துக்கேயர் கைப்பற்றியபோது, ஜஹாங்கீரின் அரசு அவர்களுக்கெதிராக நடவடிக்கை எடுக்க நேர்ந்தது. லாகூரில் அவள் பெயரால் 1611 முதல் 1614 வரை எழுப்பப்பட்ட பள்ளிவாசல் இன்றும் உள்ளது. 1623இல் இறந்த அவ்வரசியின் முதுமைக்கால ஆளுமையைக் காதற் கதை தன் எல்லைக்கு அப்பாலதாகவே விட்டது. அவளைக் காதலியாகவும் மனைவியாகவும் தாயாகவும் கண்ட தொடர், வாணிகத் தலைவியாகக் காணவில்லை.

இவ்வாறே அரசனும் குறுகினான். 1563இல் யாத்திரிகர் வரியும் 1564இல் ஜிஸியா வரியும் நீக்கப்பட்டன. பல்வேறு இனத்தாரையும் சமயத்தாரையும் இணைத்துப் பேரரசொன்றை நிலைநிறுத்தும் அரசியல் நோக்கு இவற்றின் பின்னணியில் இருந்தது. அக்பரின் மனமாற்றம் முழுவதையும் மனைவியின் அன்புக்கே உரியதாக்கினால், அரசியலறிவு மறைந்து இல்லறம் மட்டுமே எஞ்சும்.

வரலாற்றுக் கற்பனை புனைவோனுக்கு உரிமை பல உண்டு. பெயரை மாற்றலாம், உரையாடலைப் படைக்கலாம், ஏடுகள் மௌனமாயிருக்கும் இடத்தில் உள்ளத்தைப் பேசச் செய்யலாம். இவ்வுரிமைகளை ‘ஜோதா அக்பர்’ திறம்பட ஆண்டது என்பதில் ஐயமில்லை. ஆனால், ஒருகாலத்து உயிரோடு வாழ்ந்தோர்க்குப் பேச வாயில்லை. அவர்தம் பெயருக்கு இழுக்கு நேருமிடத்து மறுத்துரைக்க இயலாது. ஆதலின் அவர்பாற் படைப்பாளன் நீதியுடன் நடத்தல் கடனாம். ஒரு பெண்ணின் காதலைப் பெருமைப்படுத்துதற்கு ஏனைய பெண்டிரைச் சிறுமைப்படுத்த வேண்டுவதில்லை. இதனை உணர்ந்து பார்க்கும் சுவைஞர், தொடரைச் சுவைப்பதோடு அதனைத் திருத்தியும் வாசிக்கின்றனர். அவ்வாசிப்பே திறனாய்வின் தொடக்கம்.