வாதமும் விதண்டையும்

இணையத்தில் குழுவாகக் கூடி விவாதிக்கும் வழக்கத்தை அகந்தையின் விளைநிலமென்று கூறி ஒதுக்கிவிடும் அறிஞர்கள், அதனால் விளைந்துள்ள நன்மையை நிறுத்துப் பார்த்தவர்களாகத் தோன்றவில்லை. ஒரு வாட்ஸ்அப் குழுவில் இன்று 1024 பேர் வரை அங்கம் வகிக்கலாம். அத்தனை பேரும் குலம், பதவி, பட்டம் என்னும் பேதங்களுக்கேற்ற ஆசனங்களின்றி ஒரே தளத்தில் அமர்கிறார்கள். கல்லூரி வாயிலை மிதித்தறியாத ஒரு விவசாயி தம் ஊர்க் கோயிற் கல்வெட்டைப் படமெடுத்து அனுப்பிச் சாசன ஆராய்ச்சியில் வல்லவரை நேரே வினவுவதும், விடை காணும் முயற்சியில் அவ்வல்லவரே தம் முடிவைத் திருத்திக்கொள்வதும் இன்று கைகூடக்கூடியவை. முந்தைய தலைமுறையினருக்கு அவை எளிதில் கிட்டாத பாக்கியங்கள்.

ஆயினும், அதே சபையிலேதான் ஐயம் கேட்டவரை ‘இதுகூடத் தெரியாதா?’ என்று ஏளனம் செய்வதும், விஷயத்தை விட்டுவிட்டு ஆளின் பிறப்பையும் ஊரையும் இழுப்பதும் நாள்தோறும் நிகழ்கின்றன. இதற்குக் கருவியையே காரணமாகச் சொல்வது சரித்திரத்தோடு பொருந்தாது. 1867இல் இராமலிங்க அடிகளின் திருவருட்பா நூலாக வெளிவந்தபின் அவர் தரப்புக்கும் ஆறுமுக நாவலர் தரப்புக்குமிடையே மூண்ட விவாதம், 1869இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம்வரை சென்றதோடு அமையாமல், அவ்விருவரும் மறைந்த பின்னரும் மறைமலையடிகள், கதிரைவேற்பிள்ளை காலம்வரை தொடர்ந்தது. இரு தரப்பிலும் நின்றவர்கள் தமிழிலும் சைவத்திலும் துறைபோகியவர்கள். அவர்தம் கண்டனப் பிரசுரங்களிலோ நுட்பமான சாஸ்திர விசாரமும் கொடிய வசைமொழியும் அருகருகே நிற்கின்றன. கையால் எழுதி, அச்சுக் கோத்து, பிழை திருத்தி வெளியிடுவதற்கிடையே கோபம் தணியப் போதிய அவகாசம் இருந்தும் அது தணியவில்லை. ஆகவே அகந்தையைப் படைத்தது இணையமன்று. அந்த அவகாசத்தைப் பறித்ததும், எதிராளியின் முகத்தை மறைத்ததும், கைதட்டுவதற்கு எந்நேரமும் ஒரு கூட்டத்தை நிறுத்திவைத்ததுமே அதன் குற்றங்கள்.

இவற்றுள் மூன்றாவதே பெருங்கேடு. பழைய தருக்க நூலாகிய நியாய சூத்திரம் சொற்போரை மூவகையாகப் பிரித்து, உண்மை காண்பதற்குரியதை வாதமென்றும், வெற்றியொன்றையே நாடுவதை ஜல்பமென்றும், தனக்கென ஒரு கொள்கையை நிலைநாட்டாமல் பிறர் கொள்கையை இடிப்பதை விதண்டையென்றும் வகுத்தது. பார்வையாளரின் ஆரவாரத்தை நாடத் தொடங்கிய கணத்திலேயே வாதம் ஜல்பமாகிறது. ஆரவாரம் பழகிய நாவில் அதுவும் தேய்ந்து விதண்டையாகிறது. தன்மீது சாட்டப்பட்ட குற்றத்தை நீக்காமல் ‘உன் பக்கத்திலும் அது உண்டு’ என்று திருப்பியடிப்பதை அந்நூல் மதானுஞ்ஞை என்னும் தோல்வித்தானமாக எண்ணியது. இன்றைய குழுக்களிலோ அதுவே வெற்றியாகக் கொண்டாடப்படுகிறது.

மரியாதை வற்புறுத்தப்பட்டால் உண்மை மழுங்கிவிடுமென்று சிலர் அஞ்சுகின்றனர். பதவிக்கு அஞ்சி வாயடைத்துக் கிடந்த சபைகளை நினைத்தால் அவ்வச்சம் முற்றிலும் ஆதாரமற்றதன்று. ஆனால் கண்டிப்பு வேறு, அவமதிப்பு வேறு. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார் பரபக்கத்தில் பிற மதங்களை மறுப்பதில் சிறிதும் தளர்ந்தாரல்லர். எனினும் ஒவ்வொரு மதத்தின் கொள்கையையும் முதலில் எடுத்துரைத்த பின்னரே மறுக்கப் புகுகிறார். பணிவென்பது நாவுக்கு இட்ட அலங்காரமன்று, அறிதற்குரிய கருவியே என்பதற்கு அம்முறையே சான்று. பிறர் கூற்றைச் செவ்வையாகக் கேளாதவன் எதை மறுக்கிறான் என்பதையே அறியாதவனாகிறான்.

மும்முறை உரைக்கப்பட்டுச் சபையோரும் விளங்கிக்கொண்ட கூற்றைத் திருப்பிச் சொல்லமாட்டாதவன் தோற்றவனே என்பதும் நியாய நூலார் துணிபு. குழுவை நடத்துவோர், சண்டை முற்றியபின் ஆளை நீக்குவதோடு தம் கடமை முடிந்ததாகக் கருதாமல், மறுக்க வருபவர் எவராயினும் எதிராளியின் கருத்தைத் தம் சொற்களில் முதலில் எழுதி, ‘ஆம், நான் கூறியது இதுவே’ என்னும் ஒப்புதலைப் பெற்ற பின்னரே மறுக்கலாமென விதி செய்வாராயின், வசை பாட வந்தவர்க்கு அங்கே வேலையிராது; உண்மை காண வந்தவர்க்கோ எதிராளியே துணையாவார்.