ஸ்காட்லாந்து நடன இசையில் மெட்டுத் தொகுப்பு

ஸ்காட்லாந்தின் நாட்டுப்புற நடனங்களுக்கு 'செட்' எனப்படும் மெட்டுத் தொகுப்பை வாசிப்பது வழக்கம். நான்கு இணைகள் ஆடும் நடனத்தில் ஒவ்வோர் இணையும் இருமுறை முன்னின்று ஆடுவதால், 32 பார் நீளமுள்ள மெட்டு 8 முறை ஒலிக்க வேண்டும். ஒரே மெட்டானால் வாசிப்போருக்கே சலித்துவிடும். எனவே நடனத்திற்குரிய மூல மெட்டை முதலிலும் இறுதியிலும் வைத்து, இடையில் வேறு மெட்டுகளைச் சேர்ப்பர். இரண்டாம் உலகப் போரின்போது செருமானியச் சிறைமுகாமில் ஸ்காட்லாந்து வீரர்கள் அமைத்த '51ஆம் டிவிஷன் ரீல்' நடனத்தின் மூல மெட்டு 'தி டிரங்கன் பைப்பர்'.

ரீலுடன் ரீல், ஜிக்குடன் ஜிக் என இனம் பார்த்துச் சேர்த்தால் மட்டும் போதாது. தேர்ந்த ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் எண்ணிக்கொண்டு ஆடுவதில்லை. 8 பாருக்கு ஒருமுறை மெட்டு நின்று திரும்பும் இடத்தைக் காதால் பிடித்தே அடுத்த அசைவுக்குச் செல்கின்றனர். அந்த எல்லையை அலங்காரச் சுரங்களால் மறைக்கும் மெட்டு கச்சேரி மேடையில் கைதட்டல் பெறலாம்; ஆடுகளத்தில் புதியவர்களைத் தடுமாற வைக்கும். சுருதி மாற்றத்திலும் அளவு தேவை. டி மேஜரிலிருந்து ஏ மேஜருக்கு ஏறும்போது களமே துள்ளும். ஒவ்வொரு மெட்டுக்கும் அப்படி ஏற்றிக்கொண்டே போனால் அந்தத் துள்ளல் மிஞ்சாது. இடையே ஒரு மைனர் மெட்டை வைத்து மேஜருக்குத் திரும்புவது இதைவிட நன்றாக எடுபடும்.

மூல மெட்டுக்குத் திரும்பாமலே முடியும் தொகுப்புகளின் குறைதான் பெரிது. கடைசிச் சுற்று நான்காம் இணைக்குரியது. களைத்த கால்களோடு ஆடும் அவர்களுக்கு, இதுவே முடிவுச் சுற்று என்று அறிவிப்பது அந்தப் பழகிய மெட்டுதான்.